ஜெப எண்ணெய், ரெண்டு சொட்டு

ஹலோ... ஹலோ... யாரு, ஜாபேஸா? சொல்லுலே... இல்ல, இன்னும் கோயிலுக்குக் கெளம்பல. முதல் மணியே அடிக்கலையே. சேலை கட்டி முடிச்சாச்சு. முடியைச் சீவலாமா வேண்டாமான்னு கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு இருக்கேன்... ஆமாலே, தலை சீவுததுக்கும் இப்பம் யோசனைதான். சீப்பு இடது பக்கம் பட்டா கரண்டு அடிச்ச மாதிரி தாடை வரைக்கும் இழுக்கு. நீ பெங்களூர்ல காலை நீட்டி ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு அக்காவுக்கு எப்டி இருக்குன்னு கேக்க. இப்டித்தான் இருக்கு.

ம்... ம்... ஆமா... ஆமா... ஆமாங்கேன்லா! நீ ஏன் கத்துத? எனக்கு நோவு தாடையில. காது நல்லாத்தான் கேக்கு. போனை வலது பக்கம்தான் வச்சிருக்கேன்.

இரு... இரு...

...

ம். போயிட்டு. பேசினாலும் வருது, மென்னாலும் வருது, சும்மா காத்து பட்டாலும் வருது. முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்குனவளுக்கு வந்த சீக்கைப் பாத்தியா.

டாக்டரா? எந்த டாக்டரைச் சொல்லுத? வண்ணார்பேட்டையில ஒருத்தன் சொத்தைப் பல்லுன்னு ரெண்டு நல்ல பல்லைப் பிடுங்கினானே, அவனையா? பிடுங்கி முடிச்ச பொறவு அவனே சொல்லுதான், அம்மா பல்லு நல்லாத்தான் இருக்கு, இது நரம்பு மாதிரி தெரியுதுன்னு. பிடுங்கினதைத் திருப்பி நட்டுத் தருவானா?... அடுத்தவரா? அவரு நல்ல டாக்டர்தான், நான் ஒண்ணும் சொல்லல. நரம்புக்கு மாத்திரை குடுத்தாரு. நோவு பாதி கொறஞ்சது. கூடவே புத்தியும் பாதி கொறஞ்சது. ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு நின்னு பாடியிருக்கேன். பாதிரியார் சம்சாரம், நம்ம ஐயரம்மா, பக்கத்துல வந்து பைய திருப்பி வச்சுட்டுப் போனா... சிரி. நல்லா சிரி. ஒனக்கென்ன.

என்னது?... தூக்கமா? தூக்கம் எங்கலே வருது. தலகாணி பட்டா நோவு, காத்தாடியைப் போட்டா நோவு... தூங்கலன்னா தூங்கல. அதுக்கு ஏன் நீ இம்புட்டு ஆச்சரியப்படுத?... என்னத்தைக் கூட்டணும்?... எத்தனை சொட்டுன்னா? என்ன சொட்டு?... ஓ, அதா. கோயில் அசன விருந்துக்கு வந்தப்போ நீ குடுத்துட்டுப் போனியே, அந்த ஜெப எண்ணெய்...

இருலே.

ஜெப எண்ணெய்க்கு ஏதுலே அளவு? ரெண்டு சொட்டு பத்தலன்னா நாலு சொட்டுங்க. ஜெபத்தைக் கூட்டச் சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. எண்ணெயைக் கூட்டச் சொல்லுதியே...

நீ எச்சி முழுங்குத சத்தம் எனக்கு இங்கன கேக்கு. எட்டாங்கிளாஸ் பயலுவ பீடியைக் காலுக்குக் கீழ போட்டு மிதிச்சுட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிப்பானுவ. அதே முழுங்கு. ஜாபேஸ், எங்கிட்ட நேராச் சொல்லு. அந்தக் குப்பியில என்னலே இருக்கு?

...

என்ன எலை?

...

திருப்பிச் சொல்லு.

...

விஜயான்னு நீ புதுசா பேரு வச்சா எனக்குத் தெரியாமப் போயிருமா? நம்ம ஊர் பேரைச் சொல்லு. ஒன் வாயாலயே சொல்லு... சத்தமா... ம். கஞ்சா. அப்டிச் சொல்லு.

அட சவத்து மூதி! இந்த வீட்டுக்குள்ளயாலே? அப்பா படத்துக்குக் கீழ, மேசை மேல, கஞ்சா எண்ணெய்! அதுக்கு மேல ஜெபம்னு சீட்டு எழுதி ஒட்டி வச்சுட்டுப் போயிருக்க. பாளையங்கோட்டையில இருந்து வண்ணார்பேட்டை வரைக்கும் போதை ஒழிப்பு ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் முன்னால நடந்தது யாருலே? சாலோமி டீச்சர்னா பைக்குள்ள கைய விட்டுப் பாப்பான்னு பயலுவ பயந்து கெடந்தானுவ. இப்பம் யாரு பைக்குள்ள யாரு கைய விடணும்?

என்ன, சட்டப்படியா?... ம்... ம்... ஆயுர்வேதக் கம்பெனி. சரி... லைசென்சு இருக்கு. சரி. டாக்டர் சீட்டும் எழுதியிருக்காரு. யாரைப் பாத்துலே எழுதுனாரு? நான் அவரை எங்கன பாத்தேன்?... போன்லயா? எந்தப் போன்ல? எங்கிட்ட எவனும் பேசலையே... டார்லினா?

ஒம் பொண்டாட்டி என்னை மாதிரி பேசுனாளா!

எப்டிப் பேசுனா? எங்க, ஒரு தடவ பேசிக் காட்டச் சொல்லு பாப்போம்... குளிக்காளா. குளிக்கட்டும், நல்லா குளிக்கட்டும். என் வயசு என்னன்னு சொன்னாளாம்?... எழுபதா? எனக்கு அறுபத்திமூணுலே! நோவைச் சொல்லும்போது அழுதாளாமா? நானே இன்னும் ஒரு டாக்டர் முன்னால அழல. எனக்குப் பதிலா அவ அழுதுட்டாளாக்கும்.

நல்ல மருந்துன்னா எதுக்குலே கம்பெனி லேபிளைக் கிழிச்ச? சட்டப்படி வாங்குனதுக்கு எவனாவது முக்காடு போடுவானா?... நீ சொல்லியிருந்தா நான் தொட்டுருக்க மாட்டேனாம். ஆமா, மாட்டேன். மாட்டேன்னு தெரிஞ்சுதான் ஏமாத்தியிருக்க. அதுக்கு ஜெபம்தான் கெடச்சுதா? நீ முழங்கால் போட்டதே பரீட்சைக்கு மொத நாள் மட்டும்தான். அதுவும் கணக்குப் பரீட்சைக்கு.

என்ன?... அப்போ நான் குடிக்கலையாவா? குடிக்கலலே. ஒரு சொட்டு குடிக்கல. டி.வி.யில குப்பியை ஆட்டி ஆட்டிக் காட்டி எண்ணெய் விக்கவங்களைப் பத்தி நான் என்ன சொல்லுவேன்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் குப்பியைப் பாத்த ஒடனே எவனோ ஒரு கள்ளன், இந்தக் கூறுகெட்டவன் தலையில கட்டி அனுப்பிட்டான்னு நெனச்சேன். கள்ளன் நீதான்னு தெரியல... தூரப் போடல. ஜெபம்னு எழுதியிருந்துதே. சவத்தைக் குப்பையில போட மனசு வரலலே. அதனால... அதனால அதை...

அய்யோ.

...

எலிசபெத்து.

நம்ம எலிசபெத்துலே! கோயில்குட்டியார் சம்சாரம். அவரு போன பொறவு கோயிலைப் பெருக்கி மணி அடிக்கது இவதானே. சக்கரை முத்தி அவளுக்குப் பாதம் ரெண்டும் எரியும். மொளகாப்பொடியில நிக்க மாதிரி இருக்கு டீச்சர்னு சொல்லுவா. அன்னைக்கு நம்ம கெணத்தடியில வாளித் தண்ணிக்குள்ள காலை விட்டுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா. இந்தா, பெங்களூர் ஜெபம், ராத்திரி நாக்குக்குக் கீழ ரெண்டு சொட்டு விடணுமாம், விட்டா நோவு பறந்துருமாம்னு நீ சொன்னதை அப்டியே நக்கலடிச்சுக் குடுத்தேன். நக்கலடிச்சுத்தான்லே குடுத்தேன். அவ அதை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

...என்ன ஆச்சாவா? தூங்குதா. நல்லாத் தூங்குதா. எரிச்சல் போயிட்டான்னு கேட்டேன். போகல டீச்சர், அது அங்கனதான் கெடக்கு, ஆனா ராத்திரியில என்னைத் தேடி வரமாட்டேங்குதுன்னா...

குதிக்காத! ஒன்னை மெச்சுததுக்காகச் சொல்லல. போன வெள்ளிக்கிழமை கோயில் படியில தலை சுத்தி அப்டியே ஒக்காந்துட்டா. பரிசுத்த ஆவியானவர் இறங்கிட்டாருன்னு நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு கைதட்டிப் பாடுதாளுவ. இறங்கினது ஒன் சொட்டுலே! அவ சக்கரைக்கு மாத்திரை போடுதா, பிரஷருக்கு மாத்திரை போடுதா. அதுகூட இது சேருமா?... சேருமா சேராதா, அதை மட்டும் சொல்லு... தெரியாதா. இப்பம் சொல்லுதான் பாரு தெரியாதுன்னு. வெவரம் பூரா தெரிஞ்ச மாதிரி அளந்துட்டு, ஆளு விழுந்த பொறவு தெரியாதாம்.

...கேக்கா? நல்லாக் கேளு. முதல் மணி. கயிறு இழுக்கது அவதான். போன மழைக்கு முன்னால இருந்தே அவளால நின்னு இழுக்க முடியல. வாட்ச்மேன்தான் ஏனோதானோன்னு ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போவான். இப்பம் பாரு, எப்டி இழுக்கான்னு.

லே ஜாபேஸ், அதை விடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. இன்னைக்கு அவ சாட்சி சொல்லப் போறா... ஆமா, நம்ம கோயில்லதான். எனக்கும் பிடிக்கல. நம்ம கோயில்ல எங்கலே இருந்துச்சு இந்தப் பழக்கம்? ஸ்தோத்திர காணிக்கை படைக்கும்போது ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்னு ஐயரு சொல்லிட்டாவ. ஜெப எண்ணெய் என்னை எழுப்பி நடக்க வச்சுதுன்னு சொல்லுவா. எண்ணெய் குடுத்தவ பக்கத்துல நிக்கணுமாம். அதான் இந்தப் பட்டுச்சேலை. கஞ்சாவுக்கு சாட்சி சொல்லுதா ஒருத்தி, போதை ஒழிப்புக்குக் கொடி பிடிச்சவ பக்கத்துல பட்டுச்சேலை கட்டி நிக்கா. நல்லா இருக்கா?

...சொல்லாம விட்டுரவா? எம்புட்டு லேசாச் சொல்லுத!... தெரியாம இருந்தா அவளுக்கு நல்லதா? அவ வாய்க்குள்ள போறது என்னன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமாலே? நீ படிச்சிருக்க, நான் படிச்சிருக்கேன், அவ படிக்கல. அதனால அவ வாயி நம்ம வாயா? எனக்குச் செஞ்சதைத்தானே இப்பம் அவளுக்கும் செய்யச் சொல்லுத.

...ஆமா. தெரிஞ்சா நிறுத்திருவா. கஞ்சான்னு கேட்டா குப்பியை ஆத்துல கொண்டு வீசிருவா. நிறுத்தினா திரும்பவும் அந்த வாளித் தண்ணி. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நோவுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி தூக்கம்னா என்னன்னும் தெரியும். அதை அவகிட்ட இருந்து நான் பிடுங்கணுமான்னு...

இரு...

...

...

ம்... இருக்கேன்... ஒண்ணுமில்ல. நீ அழாத, அசிங்கமா இருக்கு. டார்லின் அழுததே போதும்.

வாசல்ல யாரோ... அவதான். மணியடிச்சுட்டு என்னைக் கைபிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கா. போனை வைக்காதலே. ஒன் சாமர்த்தியத்தை நீயும் காது குளிரக் கேளு.

ஏட்டி எலிசபெத்து, உள்ள வா... மணி கெடக்கட்டும், வா. ஒக்காரு... ஒக்காருன்னா ஒக்காரு. இந்தா பாரு, நான் குடுத்த குப்பி இருக்குல்லா, அது ஜெப எண்ணெய் இல்ல... இல்ல, யாரும் ஜெபம் பண்ணித் தரல. மருந்து. கஞ்சா எலையில எடுத்த மருந்து... ஆமா, அதே கஞ்சாதான். களவு இல்ல, டாக்டர் சீட்டு இருக்கு. ஆனா சீட்டு என் பேருக்கு. இந்தா போன்ல இருக்கானே ஒருத்தன், இவன் எனக்குன்னு வாங்கி, எங்கிட்டயே பொய் சொல்லி... ஆமா, என் தாடைக்குத்தான்... ஆமாட்டி, எனக்கு வந்ததுதான்...

ஏட்டி, ஏன் அழுவுத? பயப்படாத, போலீஸ் ஒண்ணும் வராது... என்ன?... இல்லட்டி... நான் அப்டிக் குடுக்கல... ஏ, நான் சொல்லுததை முதல்ல கேளு. நான் வந்து அதை... அதை நான்...

...

எலிசபெத்து! எங்க ஓடுத? பைய போ!

...

லே, இருக்கியா? போயிட்டா... வீட்டுக்குத்தான், எதுத்தாப்புலதானே... கஞ்சான்னதுக்கு அழலலே. அது அவ காதுல ஏறவே இல்ல. உங்க நோவுக்கு வந்த மருந்தையா டீச்சர் எனக்குத் தூக்கிக் குடுத்தீங்கன்னு கேக்கா. நீங்க முழிச்சுக் கெடந்துக்கிட்டு என்னைத் தூங்க வச்சீங்களான்னு கேக்கா. என் கையைப் பிடிச்சு அவ மூஞ்சியில வச்சுக்கிட்டு அழுவுதா. நான் என்னத்தைச் சொல்ல? வேண்டாம்னு ஒதுக்கினதை ஒன் தலையில தள்ளுனேன்னா? சொல்லத்தான் வாயெடுத்தேன். தாடை வெட்டி இழுத்துட்டு. நோவு விடுததுக்குள்ள அவ போயிட்டா.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மூடு. எல்லாம் ஒன்னால.

...வந்துட்டா. கையில குப்பி. மீதி வச்சிருக்காலே, அடியில கொஞ்சம்... வேண்டாம்ட்டி. மேசையில வைக்காத... ஏ, கரண்டியை எங்க இருந்து எடுத்த? வாயைத் திறக்கச் சொல்லுதாலே எங்கிட்ட! வகுப்புல நான் எத்தனை பேரு வாயை மூடச் சொல்லியிருப்பேன்... ஏட்டி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம... சீட்டு உங்க பேருக்குத்தானே டீச்சர் இருக்குங்கா. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிப் படிக்கா!

ராத்திரிக்கு. ராத்திரிக்குப் பாக்கலாம்... குடிப்பேன்... குடிப்பேன்னு சொல்லுதேன்லா. நீ இனிமே டாக்டர்கிட்ட கேக்காமத் தொடக்கூடாது, கேட்டியா? ஒன் மாத்திரை எல்லாத்தையும் அவர்கிட்டச் சொல்லணும். தலை சுத்துனதையும் சொல்லணும். அது ஆவியானவர் இல்லட்டி... சரி, அவரும்தான். அவரும்தான் வந்தாரு, போ.

சாட்சியா? அதான் ஜெப எண்ணெயே இல்லன்னு ஆயிட்டே, இனி என்ன சாட்சி... என்னது? என்னன்னு சொல்லப் போற?... வேண்டாம். ஏட்டி, வேண்டாம்ங்கேன்... 

லே ஜாபேஸ், கதையே மாறிட்டுலே! எண்ணெயைப் பத்திப் பேச மாட்டாளாம். டீச்சர் தன் மருந்தை எனக்குக் குடுத்துட்டு நோவோட கெடந்தாங்கன்னு எந்திரிச்சுச் சொல்லப் போறாளாம். சபை முன்னால. மைக்கைப் பிடிச்சு!

எலிசபெத்து, நில்லு! கஞ்சான்னு வேணா சொல்லு. சாலோமி டீச்சர் வீட்ல கஞ்சா இருந்துச்சுன்னே சொல்லிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லாத, கேட்டியா!... ஏட்டி!... எலிசபெத்து!

...

ஓடுதாலே. அந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடுதா. எனக்கு அவ பின்னால ஓடவும் முடியல.

...சிரிக்கியா நீ? சிரிக்காத, செருப்பால அடிப்பேன்... இல்ல, நீ கேளு. நாளைக்கு அந்த டாக்டருக்குப் போன் போடுத. அவகிட்டப் பேச வைக்க, அவளே பேசுவா, ஒம் பொண்டாட்டி பேச வேண்டாம். எங்கிட்டயும் பேச வை. அவரு சரின்னு சொன்னா ரெண்டு குப்பி அனுப்பு. ஒண்ணு அவ பேருக்கு, ஒண்ணு என் பேருக்கு. லேபிளைக் கிழிச்ச, ஒன்னைக் கிழிச்சுருவேன்.

...கோயில்ல நான் என்ன செய்யப் போறேனா? அவ சொல்லி முடிச்சதும் எந்திரிப்பேன். நக்கலடிச்சுத்தான் குடுத்தேன், ஒரு நல்ல நெனப்பும் இல்லன்னு சொல்லுவேன்... சொல்லுவேன்லே. தாடை இழுத்தா இழுக்கட்டும்... என்னமோ, அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்டிச் சொல்லப் போறேன்னுதான் தெரியல.

இந்தா, ரெண்டாம் மணி அடிச்சுட்டா. பேசிப் பேசி முடியைக்கூடச் சீவல நான். சீவாமலே போறேன். போனை வை.